சூலையும் சொல்லும்: நாட்பட்ட நோவு பற்றிய ஒரு திறனாய்வு

நோயைப் பற்றி எழுதுதல் மருத்துவனின் கடமை, நூலைப் பற்றி எழுதுதல் திறனாய்வாளனின் கடமை என்னும் பாகுபாடு நமது பல்கலைக்கழகங்களில் நன்கு வேரூன்றியுள்ளது. மருத்துவ பீடத்தார் மெய்ப்பாட்டியலைப் படிப்பதில்லை; தமிழ்த்துறையார் நரம்புகளைப் பற்றி அறிய முற்படுவதில்லை. இப்பாகுபாட்டினால் இருசாராரும் இழந்தவற்றுள் ஒன்று நாட்பட்ட நோவு பற்றிய தெளிவாகும்.

மூன்று மாதங்களுக்கு மேலாக நீடிக்கும் அல்லது மீண்டும் மீண்டும் தோன்றும் நோவினை மருத்துவர் நாட்பட்ட நோவு என்பர். காயம் ஆறிய பின்னரும், படங்களிலும் சோதனைகளிலும் போதிய காரணம் தென்படாதவிடத்தும் அது தொடர்வதுண்டு. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பு, இதனைப் பிறிதொரு நோயின் அறிகுறியாக மட்டும் கொள்ளாது, தனக்கென இடமுடைய ஒரு நோயாகவும் ஏற்றுக்கொண்டது. இத்தகைய நோவுக்கு இன்று பலரும் கூறும் பரிகாரம் 'உடலையும் உள்ளத்தையும் மீள இணைத்தல்' என்பதாகும். மூச்சுப் பயிற்சி, தியானம், யோகாசனம், உளவளத்துணை ஆகிய பலவும் இத்தொடரின்கீழ் வந்து சேருகின்றன.

இத்தொடர் எவ்வளவு தூரம் உண்மை, எங்கே குறைவுடையது என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆராய்ச்சிக்கு மூன்று சான்றுகள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன: தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், சேக்கிழார் கூறும் திருநாவுக்கரசரின் சூலை வரலாறு, போர்க்காலத்து வடபுலத்தில் எழுந்த உளமருத்துவச் சிந்தனை. இம்மூன்றையும் உரைத்துப் பார்ப்பதற்குரிய களமாகத் தென்மராட்சியின் கொடிகாமத்தைக் கொள்வோம். அவ்வூரை ஏன் தெரிந்தோம் என்பது உரிய இடத்தில் விளக்கப்படும்.

1. மெய்யிற் படுதல்

'நோய்', 'நோ', 'நோதல்' என்பன ஒரு வேரிற் கிளைத்த சொற்கள். சங்கச் செய்யுளில் நோய் என்பது உடற்பிணியையும் காதலாற் பிறந்த துயரையும் ஒருங்கே குறிக்கும். திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் வரும் நோய் உடலைச் சார்ந்தது. காமத்துப்பாலில் வரும் நோய் உள்ளத்தைச் சார்ந்தது. சொல் ஒன்றே. தமிழகத்திற் பெருவழக்காகிய 'வலி' என்பதினும் 'நோ' என்பதையே யாழ்ப்பாணத்தார் இன்றும் மிகுதியாக ஆளுகின்றனர். 'நாரி நோகுது' என்பவரும் 'மனம் நோகுது' என்பவரும் ஒரே வினையைத்தான் வழங்குகின்றனர். 'கால் உளையுது', 'நெஞ்சு அடைக்குது', 'வயிறு எரியுது', 'தலை விறைக்குது' எனவரும் தொடர்களைக் கேட்கும் ஒருவர், பேசுவோர் உடலைப் பற்றிக் கூறுகின்றாரா உள்ளத்தைப் பற்றிக் கூறுகின்றாரா எனத் தெளிதல் அரிது. பிள்ளையை இழந்த தாய் 'வயிறு எரியுது' எனும்போது அவள் உவமை கூறவில்லை. தன் உடலில் உள்ளதையே கூறுகின்றாள்.

இவ்வழக்குக்குப் பின்னால் ஒரு கொள்கையும் உண்டு. தொல்காப்பியப் பொருளதிகாரம் உணர்ச்சிகளை ஆராயும் இயலுக்கு மெய்ப்பாட்டியல் என்று பெயரிட்டது. உள்ளத்தில் நிகழ்வது மெய்யின்கண் புலப்படுதலே மெய்ப்பாடு. நகை முதல் உவகை ஈறாக எட்டாக வகுக்கப்பட்ட இவை ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களங்களில் தோன்றும் என்பது அந்நூலின் அமைப்பு. அழுகைக்குரிய நான்கு நிலைக்களங்கள் நமது ஆய்வுக்கு இன்றியமையாதன: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்பட்டு எளிமையுறுதல் இளிவு. சுற்றத்தையும் பொருளையும் இழத்தல் இழவு. முன்னிருந்த நிலை கெட்டு வேறொரு நிலையை எய்தி வருந்துதல் அசைவு. துய்ப்பனவின்றி வாடுதல் வறுமை.

இப்பட்டியலை ஊன்றி நோக்குமிடத்து இரு செய்திகள் புலனாகின்றன. முதலாவது, அழுகையின் காரணங்கள் நான்கும் மனிதனுக்கும் அவன் வாழும் சமூகத்துக்குமிடையே நிகழ்வன. அவை உள்ளத்தின் உள்ளேயே தோன்றி உள்ளேயே முடிவன அல்ல. இரண்டாவது, மெய்ப்பாடு என்பது காண்போரை வேண்டி நிற்பது. உரையாசிரியர்கள் இதனை நாடக வழக்கோடு பொருத்தி விளக்கியபோது காண்போன் நிலையையும் கருத்திற் கொண்டனர். மெய்யிற் பட்டது பிறர் கண்ணிற் படவேண்டும்; அப்பொழுதே அது பொருளுடையதாகின்றது.

இதிலிருந்து நாம் ஒரு கருத்தை முன்வைக்கலாம். நாட்பட்ட நோவுகளுள் ஒரு பகுதி, காண்பாரும் கேட்பாருமின்றி உடலிலேயே தங்கிவிட்ட மெய்ப்பாடு எனக் கொள்ளத்தக்கது. இக்கருத்து எல்லா நோவுக்கும் பொருந்தாது. தேய்ந்த மூட்டும், நசுங்கிய நரம்பும், உடலினுள் தங்கிவிட்ட எறிகணைச் சிதறலும் தத்தமக்குரிய நோவைத் தருவன. அவற்றை முதலில் ஆராயாது உள்ளத்தின்மேற் பழி சுமத்துதல் பெருந்தவறாகும். எனினும், உடற்காரணம் உள்ளவிடத்தும் நோவின் அளவும் ஆயுளும் அக்காரணத்தால் மட்டும் வரையறுக்கப்படுவதில்லை என்பதை இன்றைய அறிவியல் காட்டியுள்ளது. அதனை அடுத்து நோக்குவோம்.

2. கயிறும் வாயிலும்

மேனாட்டு மருத்துவத்தில் நெடுங்காலம் ஆட்சி செலுத்திய நோவுக் கொள்கைக்கு உருவம் கொடுத்தவர் பிரெஞ்சு மெய்யியலாளர் டேக்காட். அவர் மறைந்தபின் 1664இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்த மனிதனைப் பற்றிய நூலிலே, நெருப்பிற் கால்பட்ட ஒருவனின் படம் உண்டு. காலிலிருந்து மூளைக்கு ஒரு நூல் செல்கின்றது. கீழே இழுத்தால் மேலே மணி அடிப்பதுபோல நோவு உணரப்படுகின்றது. இக்கொள்கையின்படி காயத்தின் அளவே நோவின் அளவு. காயமில்லாதவிடத்து நோவும் இருத்தல் இயலாது. இருப்பதாகக் கூறுபவன் நடிப்பவன் அல்லது மனநோயாளன்.

இக்கொள்கை போர்க்களத்தில் தளர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியிற் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் ஹென்றி பீச்சர், கடுங்காயமுற்ற படைவீரருட் பெரும்பாலோர் நோவு தணிக்கும் மருந்தை வேண்டவில்லை என்பதை 1946இல் எழுதினார். காயம் அவர்களுக்குப் போர்முனையிலிருந்து விடுதலை என்று பொருள்பட்டது. அதேயளவு காயம் அமைதிக்கால வாழ்க்கையில் வேறு பொருளைத் தரும். வேறளவு நோவைத் தரும். காயத்தின் பொருள் நோவின் ஒரு கூறு என்பது இதனாற் பெறப்பட்டது.

1965இல் றொனால்ட் மெல்சாக், பற்றிக் வால் ஆகிய இருவரும் வெளியிட்ட 'வாயிற் கட்டுப்பாட்டுக் கொள்கை' இதற்கு உடலியல் அடிப்படை தந்தது. முண்ணாணில் ஒரு வாயில் போன்ற அமைப்பு உண்டு. காயத்திலிருந்து வரும் செய்தி அதனைக் கடந்தே மேலே செல்லவேண்டும். அச்சம், கவனம், பழைய அனுபவம் ஆகியவற்றால் மூளை கீழ்நோக்கி அனுப்பும் செய்திகள் அவ்வாயிலைத் திறக்கவும் மூடவும் வல்லன என்பது அதன் சாரம். அதன் நுட்பங்கள் பின்னர் திருத்தப்பட்டன. ஆயினும் கயிறு என்னும் உருவகம் மீண்டும் தலையெடுக்கவில்லை. இழந்த காலில் நோவு எடுத்தல் என்னும் விந்தையும் இதே திசையைச் சுட்டியது. தமிழகத்திற் பிறந்த நரம்பியலாளர் வி. எஸ். இராமச்சந்திரன் 1990களில், கண்ணாடியொன்றில் எஞ்சிய உறுப்பின் நிழலைக் காட்டி இழந்த உறுப்பின் நோவைத் தணிக்க முயன்று சிலரிடம் வெற்றி கண்டார். இல்லாத காலின் நோவு காட்சியால் தணியுமாயின் நோவின் இருப்பிடம் கால் மட்டும் அன்று என்பது வெளிப்படை.

நோவு ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 1979இல் வெளியிட்ட வரைவிலக்கணம், நோவு என்பது புலனுணர்வும் உள்ளவுணர்வும் ஒருங்கே கலந்த அனுபவம் என்றது. 2020இல் அதனைத் திருத்தியபோது சேர்த்த குறிப்புகளுள் ஒன்று, தமக்கு நோவு உண்டென ஒருவர் கூறுவதை மதிக்கவேண்டும் என்பதாகும். கூற்றை மதித்தல் என்பது மருத்துவ வரைவிலக்கணத்தினுள்ளேயே இடம்பெற்றமை கவனத்துக்குரியது. மெய்ப்பாட்டுக்குக் காண்போன் வேண்டும் என்னும் நமது பழங்கொள்கைக்கு இது மிக அண்மித்தது.

3. திருவதிகைக்குப் போன வழி

தமிழிலக்கியத்தில் நோவைப் பற்றிய மிகப் புகழ்பெற்ற கதை திருநாவுக்கரசரின் சூலை. சேக்கிழாரின் பெரியபுராணத்தில் விரித்துரைக்கப்பட்ட இதனை, 1852இல் வெளிவந்த ஆறுமுக நாவலரின் உரைநடை ஈழத்துப் பள்ளிச் சிறாருக்கும் அறிமுகமாக்கிற்று. பொதுவாக இக்கதை இறையருளின் வெற்றியாகவோ சமய மாற்றத்தின் வரலாறாகவோ படிக்கப்படும். சமணரைத் தாழ்த்தி நிறுத்தும் நோக்கம் அதிலுண்டு என்பதைத் திறனாய்வாளன் மறைத்தல் கூடாது. சூலை திடீரெனத் தோன்றியது என்றே கதை கூறுவதால், இதனை நாட்பட்ட நோவுக்குரிய மருத்துவச் சான்றாகக் கொள்ளவும் இயலாது. நாம் தேடுவது சேக்கிழார் நோவையும் தீர்வையும் எந்த ஒழுங்கில் அமைத்தார் என்பதையே.

கதை வயிற்றில் தொடங்கவில்லை. போரிலும் இறப்பிலும் தொடங்குகின்றது. திருவாமூரில் மருள்நீக்கியார் என்னும் இளைஞனும் அவன் தமக்கை திலகவதியாரும் தாய்தந்தையரை இழக்கின்றனர். திலகவதியாருக்கு மணம் பேசப்பட்ட கலிப்பகையார் போர்முனையில் மடிகின்றார். உயிர்விடத் துணிந்த தமக்கை தம்பிக்காக உயிர்தாங்குகின்றாள். நிலையாமையை உணர்ந்த தம்பி அறச்சாலைகளும் தண்ணீர்ப்பந்தர்களும் அமைக்கின்றான். பின்னர் சமணஞ் சார்ந்து பாடலிபுத்திரத்தில் தருமசேனராகப் பெருமை பெறுகின்றான். உற்றார் இழப்பு, ஊரை விட்டு நீங்குதல், எஞ்சிய ஒரே உறவிலிருந்து பிரிதல், புதிய பெயர், புதிய உடை ஆகிய அனைத்தும் நிகழ்ந்த பின்னரே சூலை வருகின்றது. சேக்கிழாரின் கொள்கைப்படி சூலையைத் தருபவன் இறைவன். ஆயின் கதையின் ஒழுங்கு, அது எத்தகைய வாழ்வின்மேல் வந்து விழுந்தது என்பதையும் நமக்குக் காட்டிவிடுகின்றது.

சமண முனிவர் மந்திரமும் பீலியும் கொண்டு செய்த பரிகாரங்கள் பயனளிக்கவில்லை. இவ்விடத்திற் சேக்கிழார் அவர்களைத் திறமையற்றவராகக் காட்டுகின்றார். நமது நோக்கிற் குறிப்பிடத்தக்கது வேறொன்று: நோயாளி அங்கே ஆள் அனுப்புவது மருத்துவரிடத்துக்கன்று, தமக்கையிடத்துக்கு. தமக்கையோ சமணர் இடத்துக்குத் தான் வருவதற்கில்லை என மறுத்துவிடுகின்றாள். எனவே நோயாளியே எழுந்து செல்லவேண்டியதாகின்றது. பாயுடையையும் குண்டிகையையும் பீலியையும் களைந்து, வெண்ணிற ஆடை அணிந்து, கைகொடுப்போரை ஊன்றி, பிறர் காணாவண்ணம் இரவிலே திருவதிகைக்கு நடக்கின்றார். நோவுடன் நடத்தல், பற்றுக்கோடாகச் சிலர், செல்லும் இடத்தில் அறிந்த ஒருத்தி ஆகிய மூன்றும் தீர்வின் முற்பகுதி. தமக்கை திருநீறு அளிக்கின்றாள். விடியுமுன் கோயிலைத் துப்புரவு செய்ய அலகும் சாணமும் எடுத்துக்கொண்டு புறப்படும் அவள், தன் அன்றாடப் பணிக்கே தம்பியையும் உடனழைத்துச் செல்கின்றாள். அங்கேதான் பதிகம் பிறக்கின்றது.

நான்காம் திருமுறையின் முதலாவதாக, கொல்லிப் பண்ணில் அமைந்த அப்பதிகத்தைத் திறனாய்வு நோக்கிற் படிப்போர் மூன்று இயல்புகளைக் காண்பர். முதலாவது, நோவு அங்கே மிகத் துல்லியமாகச் சொல்லப்படுகின்றது. வயிற்றின் உள்ளே எவ்விடத்தில், குடலோடு எவ்வாறு பிணைந்து, எவ்வாறு இழுத்து வருத்துகின்றது என்பன வேறுவேறு வினைகளால் அடுத்தடுத்து உரைக்கப்படுகின்றன. நோவை மறக்கவோ மறைக்கவோ பாடுபவர் முயலவில்லை. அதனுட் புகுந்து அதன் உருவைக் கூறுகின்றார்.

இரண்டாவது, நினைவு பற்றியது. வழிபாட்டையும் இசையோடு கூடிய தமிழையும் தாம் ஒருநாளும் மறந்ததில்லை என்கின்றார். பல ஆண்டு பிற நெறியில் நின்று அன்றிரவே திரும்பிய ஒருவர் இவ்வாறு கூறுதல் எங்ஙனம் பொருந்தும் என்பது பழைய வினா. இதனை வாழ்க்கைக் குறிப்பாக அன்றி, முறிந்த வாழ்வொன்றை ஒருவர் மீண்டும் தொடுக்கும் கூற்றாகக் கொண்டால் முரண் நீங்குகின்றது. திருவாமூர்ச் சிறுவனையும் திருவதிகை நோயாளியையும் ஒரே 'நான்' என்னும் சொல்லிலே அவர் இணைத்துவிடுகின்றார். இங்கு இணைந்தவை உடலும் உள்ளமும் அல்ல. பதிகத்தில் அவை பிரிந்திருக்கவேயில்லை. இணைந்தது ஒருவரின் முன்னைய வாழ்வும் இன்றைய வாழ்வும்.

மூன்றாவது, முறையீடு. தாம் செய்த கொடுமைகளைத் தாம் அறியாமையை ஒப்புக்கொள்பவர், அதனோடு நின்றுவிடாது, அடைந்தாரின் துன்பம் தீர்த்தல் தலைவராயினார்க்குக் கடமை என்றும் நினைவூட்டுகின்றார். இரத்தலின் குரலோடு உரிமையின் குரலும் அங்கே ஒலிக்கின்றது. நோயுற்றவன் தன் வினையை நொந்து அடங்கியிருக்க வேண்டும் என்னும் கருத்துக்கு, அப்பதிகத்திலேயே மறுப்பு உண்டு.

4. கொடிகாமம்

இனி, நூல்களிலிருந்து நிலத்துக்கு வருவோம். கொடிகாமம் ஏ-9 வீதியிலே சாவகச்சேரிக்குக் கிழக்கே அமைந்தது. இங்கிருந்து வடக்கே பருத்தித்துறைக்கு ஒரு வீதி பிரிகின்றது. தெங்கும் பலாவும் மாவும் விளையும் தென்மராட்சியின் சந்தையூர்களுள் ஒன்றாக அது பெயர்பெற்றது. கிழக்கே மிருசுவிலையும் எழுதுமட்டுவாளையும் கடந்தால் முகமாலை. நீண்டகாலம் போர் முன்னரங்காக இருந்து கண்ணிவெடிகள் செறிந்துபோன மண்.

பெருவீதியிலுள்ள சந்தி என்பதனால், குடாநாட்டு மக்களின் பெயர்வுகள் பல இவ்வூரைத் தொட்டன. 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் தொடங்கிய பெரும் இடப்பெயர்வில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சிக்கு வந்தனர். சாவகச்சேரி, கொடிகாமம் முதலிய இடங்களின் பள்ளிகளும் கோயில்களும் வீடுகளும் நிரம்பி வழிந்தன. 1996 ஏப்பிரலில் தென்மராட்சி இராணுவத்தின் கைக்குச் சென்றபோது வந்தவர்களுட் பலர் மேற்கே திரும்பினர். ஏனையோர் வன்னிக்குச் சென்றனர். 2000ஆம் ஆண்டில் ஆனையிறவு வீழ்ந்ததைத் தொடர்ந்து போர் தென்மராட்சிக்குள்ளேயே வந்தது. முன்னர் இடங்கொடுத்தவர்களே இடந்தேடிப் புறப்பட்டனர். 2009இல் வன்னிப் போர் முடிந்தபின், அங்கிருந்து கொண்டுவரப்பட்ட மக்களிற் சிலர் கொடிகாமத்து இராமாவில் முகாமில் வைக்கப்பட்டனர். இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கும் ஒருங்கே ஒரு தலைமுறையின்மேல் வந்து படிந்த ஊர் இது. இக்கட்டுரைக்கு அதனைக் களமாகக் கொண்டமைக்குக் காரணம் இதுவே.

இத்தகைய ஓரூரில் ஒரு தாய் வெளிநோயாளர் பிரிவுக்கு வந்து 'நாரி நோகுது, கை கால் உளையுது, நித்திரை இல்லை' எனக் கூறுவதாகக் கொள்வோம். கயிற்றுக் கொள்கையுடைய மருத்துவர் நாரியைச் சோதிப்பார். குறையொன்றும் காணாவிடின் நோவு மாத்திரை எழுதுவார். அவள் மீண்டும் வருவாள். போர்க்காலத்து யாழ்ப்பாணத்தில் இந்நிலையை ஊன்றிக் கவனித்தவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராகப் பணியாற்றிய தயா சோமசுந்தரம் ஆவார். வடுவுற்ற மனங்கள் எனப் பொருள்படும் தலைப்பில் 1998இல் வெளிவந்த அவருடைய ஆங்கில நூல், போரின் தாக்கத்துக்குள்ளான தமிழ்மக்கள் தம் துயரைப் பெரும்பாலும் உடல் முறைப்பாடுகளாகவே வெளியிட்டதை எடுத்துரைத்தது.

அவரும் உடன் உழைத்தோரும் மேற்கொண்ட பரிகாரங்களிற் குறிப்பிடத்தக்கவை மரபுவழித் தளர்வுப் பயிற்சிகள். சாந்தி ஆசனம், பிராணாயாமம், மந்திர செபம், தியானம் ஆகியவற்றை நோயாளியின் சமயத்துக்கு இசையப் பயன்படுத்தினர். சைவருக்கு மந்திரமாயின், கத்தோலிக்கருக்குச் செபமாலை. பௌத்தருக்கு மூச்சை அவதானிக்கும் ஆனாபானசதி. புதிதாக எதனையும் புகுத்தாமல் நோயாளியின் கைவசம் உள்ளதையே எடுத்தமை இம்முறையின் சிறப்பு. இதேபோன்ற பயிற்சிகளை, பௌத்த தியான மரபிலிருந்து எடுத்துச் சமயச் சார்பு நீக்கி, அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில் நாட்பட்ட நோவுடையோர்க்கு 1979 முதல் கற்பித்தவர் யோன் கபற்-சின்.

கொடிகாமத்துக்கு மேற்கே, அதே பெருவீதியிலுள்ள கைதடியில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் சித்த மருத்துவத்தைக் கற்பிக்கின்றது. சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வுகளுள் நாடியோடு பரிசமும் மொழியும் அடங்கும். தொட்டறிதலும், நோயாளியின் குரலைக் கேட்டறிதலும் அங்கே நோயறியும் முறையின் உறுப்புகள். வாத நோய்களை எண்பதாக விரிக்கும் அம்மரபின் விளக்கங்கள் அனைத்தையும் இன்றைய ஆய்வு ஏற்றுக்கொள்ளும் என்று கூறுவதற்கில்லை. ஆயினும் தொடுகையும் கேள்வியும் மருத்துவத்தின் பகுதி என்னும் அறிவு நமது வீதியோரத்திலேயே இருந்தது என்பதை மறத்தலாகாது.

5. மதிப்பீடு

மேற்கூறியவற்றைக் கொண்டு 'உடலையும் உள்ளத்தையும் மீள இணைத்தல்' என்னும் தொடரை மதிப்பிடலாம்.

அத்தொடரின் பயனை மறுப்பதற்கில்லை. நாட்பட்ட முதுகு நோவுடைய 151 பேரிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2021இல் வெளியான ஓர் ஆய்வு இதற்குச் சான்று. நோவு ஆபத்தின் அறிகுறி அன்று என உணரப் பயிற்றும் உளச்சிகிச்சையை நான்கு வாரம் பெற்றோருள் 66 வீதத்தினர் நோவு முற்றாகவோ ஏறத்தாழ முற்றாகவோ நீங்கப்பெற்றனர். வெற்றுமருந்து பெற்றோரிடம் இது 20 வீதம். வழமையான பராமரிப்பில் இருந்தோரிடம் 10 வீதம். மாத்திரையையே நம்பியிருப்போர் கருத்திற்கொள்ள வேண்டிய முடிவு இது.

ஆயினும் அவ்வாய்வில் பங்குகொண்டோர் பெரும்பாலும் கல்வியறிவு மிக்கவர்கள். அவர்களின் நோவும் மிகக் கடுமையானதன்று. 'ஆபத்து நீங்கிவிட்டது, உன் உடல் பழைய அச்சத்தையே இன்னும் சுமக்கின்றது' என்று அவர்களிடம் கூறுதல் எளிது. காணாமற்போன மகனைத் தேடி ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கும் தாயிடம் அதே சொற்களை எவ்வாறு கூறுவது? அவளுடைய இழவு முடிவுறவில்லை. காணி திரும்பக் கிடைக்காதவனுக்கு அசைவு நீங்கவில்லை. காரணம் தொடர்ந்திருக்கையில் மூச்சை மட்டும் ஒழுங்குபடுத்துதல், வீடு எரிகையில் புகையை விசிறுதல் போன்றதாகும். நோயின் முதலை நாடும்படி கூறிய வள்ளுவர் நெறிக்கும் அது முரணானது.

இரண்டாவது குறை, உடல்மொழி பற்றிய இழிவான எண்ணம். உள்ளத்தைச் சொல்லாற் கூறத் தெரியாதவர்களே உடலாற் கூறுகின்றனர் என்னும் கருத்து மேனாட்டு உளமருத்துவத்தில் நீண்டநாள் நிலவியது. மெய்ப்பாட்டியலைக் கற்றவர்கள் இதனை ஏற்க இயலாது. உடலாற் கூறுதல் குறைபட்ட மொழி அன்று. இலக்கணம் வகுக்கப்பட்ட மொழி. போர்க்காலத்தில் அதற்கு வேறொரு தேவையும் இருந்தது. மகன் எங்கே போனான் என்று வாய்விட்டுக் கூற இயலாத நாட்களில் 'நெஞ்சு அடைக்குது' என்று கூறல் இயன்றது. அச்சம் சூழ்ந்த காலத்தில் உடல் ஒன்றே தடையின்றிப் பேசக்கூடிய வாயாக இருந்தது.

மூன்றாவது குறை எல்லாவற்றினும் பாரதூரமானது. நோவு உள்ளத்தோடு தொடர்புடையது என்று கூறியவுடன், அது நோயாளியின் குற்றம் என்னும் எண்ணம் பின்னாலேயே வந்துவிடுகின்றது. பயிற்சி செய்தும் நோவு நீங்காதவள் முயற்சி போதாதவளாகின்றாள். பழவினை என்று கூறிய பழைய வாயும், மனப்பாங்கு சரியில்லை என்று கூறும் புதிய வாயும் இவ்விடத்தில் ஒன்றே. சூலைப் பதிகத்தின் மூன்றாவது இயல்பாகிய உரிமைக்குரல் நமக்கு இங்கே துணைநிற்கின்றது. நோவுற்றவர் தம் நோவைக் கூறும்போதே கடமையுடையோர் யார் என்பதையும் கூற உரியவர்.

இவ்வகையில் தயா சோமசுந்தரத்தின் சிந்தனை வளர்ந்த திசை குறிப்பிடத்தக்கது. 1998இல் வடுவுற்ற மனங்களைப் பற்றி எழுதியவர், 2014இல் வெளியிட்ட நூலுக்கு வடுவுற்ற சமூகங்கள் எனப் பொருள்படும் தலைப்பைத் தந்தார். இடைப்பட்ட ஆண்டுகளில், குடும்பமும் ஊரும் நம்பிக்கையும் சிதைந்த நிலையைக் கூட்டு வடு என்னும் கருத்தால் விளக்கினார். தனிமனிதனின் மனத்தில் தொடங்கிய ஆய்வு சமூகத்தில் வந்து முடிந்தமை தற்செயலன்று. நோவைக் கேட்கத் தொடங்கிய எவரும் சென்றடையும் இடம் அதுவே. மூச்சுப் பயிற்சியாலும் மந்திரத்தாலும் வாயில் சற்றுத் திறக்கும்; அதன் வழியாக வருவது ஒரு வாழ்க்கை வரலாறு. அதனைக் கேட்க ஆளில்லாவிடில் திறந்த வாயில் மீண்டும் மூடிவிடும்.

ஆகவே, இணைக்கப்பட வேண்டியவை உடலும் உள்ளமும் என்பதைவிட, நோவுற்றவரும் கேட்போரும், முறிந்த முன்வாழ்வும் இன்றைய வாழ்வும், இழப்பும் அதற்குப் பொறுப்புக் கூறவேண்டியோரும் எனக் கொள்ளுதல் பொருத்தமானது. திலகவதியார் செய்தது பெரிய சிகிச்சையொன்றன்று. இரவிலே வந்தவரை ஏற்றாள்; விடியற்காலத்துத் தன் பணிக்கு உடனழைத்துச் சென்றாள்; அவர் சொல்வதற்கு ஓரிடம் கிடைத்தது.

தமிழ் பயிலும் மாணவருக்கு இதில் ஒரு வேலை உண்டு. உளைவு, விறைப்பு, எரிவு, குத்து, அடைப்பு, ஏக்கம், பெருமூச்சு என நமது ஊர்களில் வழங்கும் நோவுச்சொற்கள் முறையாகத் திரட்டப்பட வேண்டும். எச்சொல்லை எவ்வயதினர், எவ்விழப்பின் பின்னர், யாரிடத்தில் கூறுகின்றனர் என்பதும் உடன் குறிக்கப்பட வேண்டும். தென்மராட்சியிலே இப்பணியைத் தொடங்குவதற்கு முதியோர் பலர் இன்னும் நம்மிடையே உள்ளனர். 1995இல் பிள்ளைகளோடு வீதியில் நடந்த தாய்மார் இன்று எழுபதையும் எண்பதையும் எட்டியுள்ளனர். அவர்களின் சொற்களைத் திரட்டி மருத்துவ மாணவரின் கையிற் கொடுப்பின், நாளை வெளிநோயாளர் பிரிவில் 'நாரி நோகுது' என்பதைக் கேட்கும் இளம் மருத்துவர், மாத்திரை எழுதுமுன் 'எப்ப தொடக்கம் அம்மா?' என்று கேட்கவும், விடை முடியும்வரை பொறுத்திருக்கவும் கூடும்.